காதல் முறிஞ்சப்புறம் செல்ஃப் ஹெல்ப் புக்கை எப்படி படிச்சா உதவும்: ரங்கூன் பிள்ளைங்களுக்காக

லவ் பிரேக்கப் ஆன ஒரு வாரத்துலயே யாராவது ஒரு ஃப்ரெண்டு "இந்த புக்கை படி, எல்லாம் சரியாயிடும்"னு ஒரு பிடிஎஃப் அனுப்புவாங்க, அடுத்த நாள் இன்னொருத்தர் இன்னொண்ணு அனுப்புவாங்க, ஒரு மாசத்துக்குள்ள போன்ல பத்து இருபது புக்கு சேர்ந்துடும், ஒவ்வொண்ணுலயும் முதல் அத்தியாயம் மட்டும் படிச்சிருப்போம், மனசு அதே இடத்துலதான் நிக்கும். கோயில்ல பிள்ளைங்களுக்கு தமிழ் சொல்லிக் குடுக்கிறதால கிளாஸ் முடிஞ்சப்புறம் தயங்கித் தயங்கி நின்னு, அப்புறம் உக்காந்து அழுத பிள்ளைங்களை நிறைய பார்த்துட்டேன். அவங்ககிட்ட நான் சொல்றது இதுதான்: செல்ஃப் ஹெல்ப் புக்கு நிஜமாவே உதவும், ஆனா அதுல செய்யச் சொன்னதை செஞ்சாத்தான் உதவும். ஒரு புக்கு போதும், ஒரு நாளைக்கு நாலஞ்சு பக்கம் போதும், பக்கத்துல ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கணும், படிச்சதைப் பத்தி பேச ஒரே ஒரு ஆள் இருக்கணும். இதை எப்படி பண்றதுன்னு கொஞ்சம் விவரமா சொல்றேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. செல்ஃப் ஹெல்ப்னா ஏதோ அமெரிக்காக்காரங்க சமாச்சாரம், நமக்கு எதுக்குன்னு நம்ம பெரியவங்க சில பேரு ஒதுக்குவாங்க, அது சரியில்ல. மனுஷங்ககிட்ட எப்படி பழகுறதுன்னு டேல் கார்னகி எழுதின புக்கை பர்மிய மொழியில கொண்டு வந்ததே பின்னால இந்த நாட்டோட முதல் பிரதமரா ஆன ஊ நு தான். இப்ப வர்ற செல்ஃப் ஹெல்ப் புக்குல பாதிக்குப் பாதி மைண்ட்ஃபுல்னஸ் மைண்ட்ஃபுல்னஸ்னு, அதாவது இந்த நிமிஷத்தை கவனிச்சு இருக்கிறதைப் பத்தி, எழுதியிருக்குதே, அதோட வேர்ல ஒரு பெரிய பங்கு நம்ம ஊர்லதான் இருக்கு. ரங்கூன் பஹான்ல இருக்கிற மகாசி தியான மையம் 1940களோட கடைசியிலேர்ந்து நடக்குது, மண்டலேயில பிறந்த இந்திய வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை கோயங்கா தீராத தலைவலியோட 1955ல ரங்கூன்ல ஊ பா கின்ங்கிற தியான ஆசிரியர்கிட்ட போய்த்தான் விபாசனா தியானம் கத்துக்கிட்டாரு, இந்த மாதிரி ஆசிரியருங்க கிட்டயும் அவங்க சீடங்க கிட்டயும் கத்துக்கிட்ட வெளிநாட்டுக்காரங்கதான் பின்னால ஊருக்குப் போய் அதைப் பரப்பினாங்க. அதனால இந்த புக்குங்களை அந்நியமா பார்க்க வேண்டியதில்ல.

உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு முதல்ல தெரிஞ்சுக்குங்க

"ஏன் இப்படி பைத்தியம் மாதிரி அவனோட போட்டோவையே பார்த்துட்டு இருக்கேன்"னு தன்னைத்தானே திட்டிக்கிற பிள்ளைங்க அதிகம். 2010ல ஹெலன் ஃபிஷர்ங்கிற ஆராய்ச்சியாளரும் அவங்க குழுவும், காதல்ல கைவிடப்பட்டு இன்னும் மறக்க முடியாம இருந்த 15 பேரை ஸ்கேன் மெஷின்ல படுக்க வச்சு, பிரிஞ்சு போனவங்க போட்டோவைக் காட்டிப் பார்த்தாங்க. மூளையில எந்த இடம் கொகெய்ன்ங்கிற போதைப்பொருள் மேல ஏக்கம் வர்றப்போ வேலை செய்யுமோ, அதோட சம்பந்தப்பட்ட இடங்க அப்போ வேலை செஞ்சுது. அடுத்த வருஷம், 2011ல, ஈதன் கிராஸ்னு இன்னொருத்தர் 40 பேரை வச்சுப் பண்ணின ஆராய்ச்சியில, பிரிஞ்சவங்க போட்டோவைப் பார்க்கிறப்போ வேலை செய்யுற சில இடங்க, கையில சூடு வச்சா வேலை செய்யுற இடங்களோட ஒத்துப் போச்சு. அதாவது "நெஞ்சு வலிக்குது"ன்னு நாம சொல்றது வெறும் பேச்சு இல்ல. கை தானா போன்கிட்ட போறதுக்கு நீங்க புத்தி கெட்டவங்கன்னு அர்த்தம் இல்ல, மூளை பழகின ஒண்ணைத் தேடுது, அவ்வளவுதான்.

இது தெரிஞ்சா என்ன லாபம்னா, படிக்க உக்காரும்போது உங்களைக் குத்தவாளிக் கூண்டுல நிறுத்திக்கிட்டு படிக்க மாட்டீங்க. இன்னொண்ணும் தெரிஞ்சு வச்சுக்குங்க: பிரிஞ்சா எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு முன்னாடியே சொல்லச் சொல்லி, அப்புறம் நிஜமாவே பிரிஞ்சவங்களை தொடர்ந்து கேட்டுப் பார்த்த 2008 ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு, அதுல ஆளுங்க தாங்கள் பயந்த அளவுக்கு மோசமா போகல, ரொம்ப ஆழமா காதலிச்சவங்கதான் ரொம்ப அதிகமா பயந்திருந்தாங்க. இன்னிக்கு "ஆயுசுக்கும் இப்படியேதான்"னு தோணுறதை இப்போதைக்கு அப்படியே நம்பிட வேண்டாம்.

முதல் சில நாள் எந்த புக்கும் வேண்டாம். கண்ணு வரியில ஓடும், மனசு ஓடாது, அப்புறம் "இது கூட என்னால முடியல"ன்னு அது ஒரு தனி வேதனையா ஆயிடும். கஞ்சியோ மொஹிங்காவோ ஏதாவது ஒண்ணு வயித்துக்குள்ள போகணும், தூங்கணும், குளிக்கணும், வேலை இருந்தா வேலைக்குப் போகணும், அவ்வளவுதான் அந்த நாளுக்கு.

எந்த புக்கு, எது வேண்டவே வேண்டாம்

பன்சோடன் தெரு நடைபாதைக் கடைங்கள்ல பழைய இங்கிலீஷ் புக்கும் பர்மிய புக்கும் கிடைக்கும், தமிழ் புக்கு வேணும்னா இந்தியாவுக்குப் போய் வர்றவங்ககிட்ட சொல்லி வைக்கணும், இல்ல கோயில்லயோ சங்கத்துலயோ யார்கிட்டயாவது இருக்கான்னு கேக்கணும். நம்ம பிள்ளைங்கள்ல பல பேருக்கு தமிழ் நல்லா பேச வரும், படிக்கிறது பர்மியத்துலதான் சுலபமா வரும், அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. மனசு நொந்து போயிருக்கிறப்போ எந்த எழுத்து கஷ்டப்படாம உள்ள போகுதோ அந்த மொழியிலயே படிங்க. நோட்டுல எழுதுறது மட்டும், நீங்க எந்த மொழியில அழுவீங்களோ அந்த மொழியில எழுதுங்க. தமிழ் எழுத்து வரலன்னா பர்மிய எழுத்துல தமிழை எழுதுங்க, யாரும் திருத்தப் போறதில்ல.

கடையில நின்னு புரட்டிப் பார்க்கும்போது நான் முதல்ல பார்க்கிறது, ஒவ்வொரு அத்தியாயம் முடிவுலயும் செய்யுறதுக்கு ஏதாவது வேலை குடுத்திருக்கான்னு. வெறும் கதையும் அறிவுரையும் மட்டும் இருந்தா படிக்கிற நேரத்துக்கு இதமா இருக்கும், மூடி வச்சதும் போயிடும். 1960கள்ல ஆரன் பெக் உருவாக்கின சிபிடிங்கிற சிகிச்சை முறை இருக்கு, நினைப்பை எழுதி அதை சோதிச்சுப் பார்க்கிற முறை, அதை வச்சு எழுதின புக்குங்களுக்குத்தான் ஆராய்ச்சி ஆதரவு அதிகம். இங்கிலாந்துல 2013லேர்ந்து டாக்டருங்களே இந்த மாதிரி புக்கு பேரை சொல்லி அனுப்புறதும், பக்கத்து லைப்ரரியில அதை இரவல் குடுக்கிறதுமா ஒரு திட்டமே நடக்குது.

காசு இல்லன்னா கவலையில்ல. உலக சுகாதார நிறுவனம் 2020ல மன அழுத்தத்துக்குன்னே ஒரு படக் கையேடு போட்டிருக்காங்க, இலவசம், பக்கத்துக்கு ரெண்டு மூணு வரிதான் இருக்கும், மீதியெல்லாம் படம், கூட கேக்குறதுக்கு ஆடியோவும் இருக்கு. அஞ்சு பயிற்சி: காலைத் தரையில ஊனி நிகழ்காலத்துக்கு வர்றது, நினைப்போட கொக்கியிலேர்ந்து கழண்டுக்கிறது, நமக்கு முக்கியம்னு பட்டதை செய்யுறது, அன்பா நடந்துக்கிறது, வலிக்கு உள்ள கொஞ்சம் இடம் குடுக்கிறது. உகாண்டாவுல அகதியா இருந்த தெற்கு சூடான் பெண்களோட சேர்ந்து சோதிச்சுப் பார்த்த பாடத்துலேர்ந்துதான் இது வந்துச்சு, அதனால வசதியா சோபாவுல உக்காந்து எழுதின அறிவுரை மாதிரி இருக்காது. எனக்கு இருக்கிறதுலயே இதுதான் பிடிச்சது, ஏன்னா கரண்டும் நெட்டும் வந்து வந்து போற ஊர்ல வாழுற நமக்கு ஒத்து வருது.

வேண்டாம்னு நான் சொல்ற புக்குங்க இருக்கு. போனவங்களை திரும்ப வரவைக்கிறது எப்படின்னு சொல்றது முதல்ல வேண்டாம். அது உங்களை அவங்க வாசல்லயே நிக்க வைக்கும், ஒவ்வொரு பக்கமும் அவங்க அடுத்து என்ன பண்ணுவாங்கன்னு கணக்குப் போடச் சொல்லும்.

அப்புறம் "21 நாள்ல மறக்கலாம்". 21ங்கிறது 1960ல ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் எழுதின புக்குலேர்ந்து பரவின கணக்கு, அவரு சொன்னது வேற விஷயத்தைப் பத்தி. லண்டன்ல 2010ல ஒரு சின்னப் பழக்கம் தானா வர்ற மாதிரி ஆக எத்தனை நாள் ஆகுதுன்னு பார்த்தாங்க, ஆளுக்கு ஆள் 18 நாள்லேர்ந்து 254 நாள் வரைக்கும் வந்துது. தினம் ஒரு டம்ளர் தண்ணி குடிக்கிற மாதிரி பழக்கத்துக்கே அப்படின்னா, ரெண்டு மூணு வருஷம் கூடவே இருந்த ஒருத்தரை 21 நாள் கெடு வச்சு மறக்கச் சொல்றது அநியாயம், 22வது நாள் அழுதா "நான் தோத்துட்டேன்"னு நினைக்க வைக்கிறதைத் தவிர வேற ஒண்ணும் பண்ணாது.

கண்ணாடி முன்னாடி நின்னு "நான் அன்புக்கு உரியவள், நான் அன்புக்கு உரியவள்"னு நூறு தடவை சொல்லச் சொல்ற புக்கும் நிறைய. 2009ல ஜோவன் வுட்ங்கிறவங்க இதை சோதிச்சுப் பார்த்தாங்க, ஏற்கெனவே தன் மேல நம்பிக்கை இருக்கிறவங்களுக்கு லேசா உதவுச்சு, நம்பிக்கை கம்மியா இருந்தவங்களுக்கு இன்னும் மோசமா ஆச்சு. பிரேக்கப் ஆன நேரத்துல யாருக்கு நம்பிக்கை உச்சத்துல இருக்கும்? வாய் சொல்லச் சொல்ல உள்ள இருந்து ஒரு குரல் "இல்ல"ன்னு எதிர்த்துச் சொல்லிக்கிட்டே இருக்கும்.

துக்கத்துக்கு அஞ்சு படி இருக்கு, முதல்ல மறுப்பு அப்புறம் கோபம்னு வரிசையா ஏறணும்னு போட்டிருந்தா அதையும் சட்டமா எடுத்துக்காதீங்க. அது 1969ல சாகப் போற நோயாளிங்களோட பேசி ஒரு டாக்டரம்மா எழுதினது. உங்களுக்கு காலையில ஏத்துக்கிட்ட மாதிரி இருக்கும், மத்தியானம் கோபம் வரும், ராத்திரி மறுபடி நம்ப முடியாம இருக்கும், எல்லாமே சாதாரணம்தான்.

ராத்திரி நேரத்தை புக்குகிட்ட குடுங்க

பகல்ல வேலை இருக்கும், சமையல் இருக்கும், தங்கச்சி தம்பிங்க சத்தம் இருக்கும். ஆபத்தான நேரம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல. அந்த நேரத்துலதான் பழைய சாட்டை மேல மேல தள்ளிப் படிப்போம், கடைசியா எப்போ ஆன்லைன் வந்தான்னு பார்ப்போம், அவளோட புது போட்டோவுல பக்கத்துல நிக்கிறது யாருன்னு பெரிசு பண்ணிப் பார்ப்போம். பிரிஞ்சவங்க ஃபேஸ்புக்கை நோட்டம் விடுறவங்களுக்கு வேதனையும் ஏக்கமும் அதிகமா இருக்கு, மனசு தேறுறதும் குறைவா இருக்குன்னு 2012ல டாரா மார்ஷல் பண்ணின ஆராய்ச்சி சொல்லுது. நம்ம ஊர்ல 2021 பிப்ரவரியிலேர்ந்து விபிஎன் போடாம ஃபேஸ்புக் திறக்காது. எல்லாருக்கும் அது ஒரு தொல்லைதான், ஆனா இந்த ஒரு விஷயத்துல அந்தத் தொல்லையையே பிடிச்சுக்குங்க: ராத்திரி ஒன்பது மணிக்கு விபிஎன் ஆப்பை அணைச்சிட்டு, அப்பாவோ அக்காவோ இருக்கிற ரூம்ல போனை சார்ஜுக்கு வச்சிட்டு வந்துடுங்க. நடுவுல ரெண்டு மூணு வேலை இருந்தாலே கை போற வேகம் குறையும்.

அதனாலதான் காகிதப் புக்கா இருந்தா நல்லதுன்னு சொல்றேன். போன்ல பிடிஎஃப் படிச்சா அவங்க சாட் ஒரு விரல் தூரத்துலதான் இருக்கு. அந்த இலவசக் கையேட்டையும் ஒரு பிரிண்ட் கடையில குடுத்து காகிதத்துல எடுத்துடுங்க. கரண்ட் போனா சார்ஜ் லைட்டு போதும். படுக்கையில படுத்துக்கிட்டு படிக்காதீங்க, பாயில உக்காந்து, இல்ல சமையல்கட்டு பெஞ்சுல உக்காந்து, நாலஞ்சு பக்கம், அப்புறம் அந்த பக்கத்துல சொன்ன வேலை, அப்புறம் மூடிடணும். நல்லா இருக்குதேன்னு ஒரே ராத்திரியில முடிச்சிடாதீங்க, அப்படி முடிச்சா அடுத்த நாளே இன்னொரு புக்கு தேடத் தோணும், படிக்கிறதே செய்யாம இருக்கிறதுக்கு ஒரு சாக்கா ஆயிடும்.

ஒரு பயிற்சியை அப்படியே காட்டுறேன்

எனக்குத் தெரிஞ்ச தங்கச்சி ஒருத்தி, துணிக்கடையில வேலை. அவ பழகின பையன் மலேசியாவுக்கு வேலைக்குப் போனான், கொஞ்ச நாள்ல போன் குறைஞ்சுது, அப்புறம் வேற பொண்ணு பார்த்துட்டாங்கன்னு யார் மூலமாவோ சேதி வந்துச்சு. அவ நோட்டுல எழுதின ஒரு பக்கத்தை அவ சம்மதத்தோட இங்க சொல்றேன்.

நடந்தது என்னன்னு முதல்ல எழுதணும், கேமரா வச்சா என்ன தெரியுமோ அது மட்டும். "ராத்திரி 10 மணி. ஆன்லைன்ல இருந்தான். மெசேஜை பார்த்துட்டான். பதில் இல்ல." அடுத்து, அந்த நிமிஷம் மனசு என்ன சொல்லுச்சு: "நான் யாருக்குமே வேண்டாதவ." இதை எவ்வளவு நம்புறேன், நூத்துக்கு: 90. இது உண்மைன்னு சொல்ல என்ன இருக்கு: "அவன் பதில் போடல." எதிரா என்ன இருக்குன்னு எழுதுற இடத்துல அவ ரொம்ப நேரம் பென்சிலை வச்சுக்கிட்டே இருந்தா, ஒண்ணும் இல்லக்கான்னா. இன்னிக்கு காலையிலேர்ந்து உன்கிட்ட யார் யார் என்ன பேசினாங்கன்னு மட்டும் எழுதுன்னேன். "சின்னம்மா சாப்பிட்டியான்னு ரெண்டு தடவை கேட்டாங்க. முதலாளியம்மா தீபாவளி சரக்கை நீதான் பிரிக்கணும்னாங்க. மேல் வீட்டு பர்மிய அக்கா கதவைத் தட்டி லஃபெத் (ஊறவச்ச தேயிலை) குடுத்துட்டுப் போனாங்க." எழுதி முடிச்சிட்டு அவளே கடைசி கட்டத்துல எழுதினது: "அவனுக்கு நான் வேண்டாம். அது வலிக்குது. யாருக்குமே வேண்டாம்ங்கிறது உண்மை இல்ல." இப்போ எவ்வளவு நம்புறேன்: 50.

90 வந்து 50 ஆனதே பெரிய விஷயம். பூஜ்யம் ஆகணும்னு எதிர்பார்க்காதீங்க. அவன் பதில் போடலங்கிறதும் வலிக்குதுங்கிறதும் அந்தக் கட்டத்துல அப்படியே இருக்கு பாருங்க, அதை யாரும் அழிக்கல, "எல்லாம் நல்லதுக்கே"ன்னு பூசி மெழுகல. அவனோட பதிலை வச்சு தன்னோட மொத்த மதிப்பையும் போட்டுப் பார்த்தாளே, அந்த முடிச்சு மட்டும்தான் அவிழ்ந்துது. நினைப்பைத் தலைக்குள்ளயே வச்சு வாதாடினா ஒருநாளும் ஜெயிக்க முடியாது, எழுதினப்புறம்தான் அதுல எது நடந்தது எது நாம சேர்த்ததுன்னு கண்ணுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஒரே ஒரு நினைப்பு, பத்து நிமிஷம்.

கொட்டிக் கொட்டி எழுதுறது எல்லாருக்கும் ஒத்துக்காது

நிறைய புக்குல "மனசுல இருக்கிறதெல்லாம் எழுதித் தள்ளுங்க"ன்னு போட்டிருப்பாங்க. 1986ல ஜேம்ஸ் பென்னிபேக்கர் மாணவங்களை நாலு நாள், தினம் 15 நிமிஷம் அவங்க வாழ்க்கையில நடந்த கஷ்டத்தைப் பத்தி எழுத விட்டாரு, அடுத்து வந்த மாசங்கள்ல டாக்டர்கிட்ட போறது குறைஞ்சுது, அதுலேர்ந்துதான் இது பரவுச்சு. ஆனா 2013ல டேவிட் ஸ்பாரா குழு, கல்யாண வாழ்க்கையில பிரிஞ்ச 90 பேரை எடுத்து, சில பேரை உணர்ச்சியைப் பத்தி எழுத விட்டாங்க, சில பேரை அன்னன்னிக்கு செஞ்ச வேலையை மட்டும் சும்மா எழுத விட்டாங்க. பல மாசம் கழிச்சுப் பார்த்தா, "ஏன் இப்படி ஆச்சு, ஏன் இப்படி ஆச்சு"ன்னு ஏற்கெனவே விடாம அர்த்தம் தேடிட்டு இருந்தவங்க உணர்ச்சியைக் கொட்டி எழுதினப்போ மோசமா ஆயிருந்தாங்க. அதே மாதிரி ஆளுங்க வெறும் தினசரி வேலையை எழுதினப்போ நல்லா தேறியிருந்தாங்க.

எனக்கு இது ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா நம்ம பிள்ளைங்கள்ல இந்த "ஏன்" கேக்குற ரகம்தான் அதிகம். ஜாதி பார்த்தாங்களா, மதமா, என் கலரா, எங்கப்பா அன்னிக்கு பேசின பேச்சான்னு ஒரே கேள்வியை நாலு வருஷம் வச்சு உருட்டுவாங்க. உங்களுக்கு அப்படின்னா அந்தக் கொட்டித் தீர்க்கிற பயிற்சியைத் தாண்டிப் போயிடுங்க, புக்குல இருக்குங்கிறதுக்காக எல்லாத்தையும் செய்யணும்னு கட்டாயம் இல்ல. அதுக்கு பதிலா நோட்டுல இன்னிக்கு என்ன பண்ணினேன்னு எழுதுங்க: எத்தனை மணிக்கு எழுந்தேன், எந்த பஸ்ல போனேன், என்ன சமைச்சேன், சர்க்குலர் ரயில்ல பக்கத்துல உக்காந்த பாட்டி என்ன கேட்டாங்க. சப்புனு இருக்கும், இருக்கட்டும்.

கூடவே இன்னொரு பட்டியல். ரெண்டு பேர் சேர்ந்து இருந்தவங்க பிரிஞ்சா "நான் யாரு"ங்கிறதே கலங்கிப் போகுதுன்னு 2010ல ஒரு ஆராய்ச்சி காட்டியிருக்கு, வேதனைக்கு அந்தக் கலக்கமும் ஒரு காரணம். அவங்களுக்காக நீங்க விட்டது என்னென்ன? பாட்டு கிளாஸ், சிவப்புக் கலர் தமேய்ன், சின்லோன் விளையாட்டு, காரம் தூக்கலா போட்ட குழம்பு, ஒரு ஃப்ரெண்டு. அதுல ஒண்ணை இந்த வாரம் திரும்ப எடுங்க. இதைத்தான் புக்குங்க பெரிய பெரிய வார்த்தையில சொல்லும்.

அவங்க கெட்ட குணத்தை எழுதுற பயிற்சியும் சில புக்குல வரும். 2018ல இதை சோதிச்சுப் பார்த்ததுல, எழுதி நினைச்சா அவங்க மேல இருக்கிற காதல் கொஞ்சம் குறையுது, ஆனா அந்த நேரத்துக்கு மனசு இன்னும் கசந்து போகுது, கவனத்தை வேற பக்கம் திருப்பினா மனசு லேசாகுது, காதல் மட்டும் அப்படியே இருக்குன்னு தெரிஞ்சுது. அதனால இதை காலையில பண்ணுங்க, தூங்குறதுக்கு முன்னாடி வேண்டாம், பண்ணினதும் எழுந்து வெளியில போய் ஒரு வேலை பாருங்க. அவங்களுக்கு என்ன மனநோய்னு கண்டுபிடிக்கிற அளவுக்கு மட்டும் போகாதீங்க, புக்கு படிக்கிறது நீங்க, சரியாக வேண்டியதும் நீங்க.

ஒரே ஒரு ஆள் கூட

தனியா படிக்கிறதைவிட, யாராவது அப்பப்போ "எது வரைக்கும் வந்தே, அந்த வேலையை செஞ்சியா"ன்னு கேட்டு கூட வர்ற செல்ஃப் ஹெல்ப் நல்லா வேலை செய்யுதுன்னு டிப்ரஷன் ஆராய்ச்சிங்க திரும்பத் திரும்ப காட்டியிருக்கு. அந்த ஆள் பெரிய படிப்பு படிச்சிருக்கணும்னு இல்ல. வாரம் ஒரு நாள், டீக்கடையில அரை மணி நேரம், ஒரு டீ, நோட்டை எதிர்ல வச்சுக்கிட்டு. அறிவுரை வேண்டாம், கேட்டா மட்டும் போதும்னு முதல்லயே சொல்லிடுங்க.

ஆளைத் தேர்ந்தெடுக்கிறதுல மட்டும் ஜாக்கிரதை. நம்ம சனம் சின்னது. இன்னிக்கு ஒருத்தர்கிட்ட அழுதது ஞாயித்துக்கிழமைக்குள்ள அனோராத்தா ரோடு காளியம்மன் கோயில் வாசல்ல பேச்சா வரும், அங்கேர்ந்து பெகுவுல இருக்கிற பெரியப்பா வீடு வரைக்கும் போகும், அதுவும் பொம்பளப் பிள்ளை விஷயம்னா ரெண்டு மடங்கா போகும். சொந்தத்துக்குள்ள வேண்டாம்னு தோணுச்சுன்னா வேலை இடத்துல இருக்கிற பர்மிய ஃப்ரெண்டு, பழைய டீச்சர், யாரு வாயை மூடிக்கிட்டு கேப்பாங்களோ அவங்க.

புக்கை கீழ வச்சிட்டு ஆளைத் தேட வேண்டிய நேரமும் இருக்கு, இதை அழுத்திச் சொல்றேன். செத்துடலாம்னு நினைப்பு வந்தா, மாத்திரையை எண்ணிப் பார்த்தா, கையைக் கீறிக்கிட்டா, அந்த நிமிஷமே வீட்டுல இருக்கிற ஒருத்தரை எழுப்பிச் சொல்லுங்க, தனியா இருக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க, மானம் போகுமேன்னு யோசிக்காதீங்க. வாரக்கணக்குல தூக்கமும் சாப்பாடும் இல்லன்னாலும் டாக்டரைப் பார்க்கணும். நெஞ்சுல பாரம் வச்ச மாதிரி வலி, மூச்சு வாங்கினா "காதல் வலி"ன்னு விட்டுடாதீங்க, பெரிய துக்கத்துல இதயமே தற்காலிகமா பலம் இழக்குற ஒரு நோயை ஜப்பான் டாக்டருங்க 1990லயே எழுதி வச்சிருக்காங்க. அடிச்சவங்க, மிரட்டினவங்ககிட்ட இருந்து பிரிஞ்சு வந்திருந்தா, மன்னிச்சு மறந்துடுன்னு சொல்ற எந்த புக்கையும் தொடாதீங்க, உங்க பாதுகாப்புதான் முதல்ல.

புக்குல இல்லாத நம்ம ஊர்ப் பிரச்சினை

எல்லா புக்கும் "தொடர்பை முழுசா அறுத்துடுங்க, பார்க்கவே பார்க்காதீங்க"ன்னு சொல்லும். பெரிய பெரிய ஊர்ல உக்காந்து எழுதினவங்களுக்கு அது முடியும். நமக்கு அதே கோயில், அதே கல்யாண வீடு, அதே பீலிக்கான் திருவிழா. அவங்க அம்மா நம்ம அம்மாவுக்கு தூரத்து உறவா வேற இருப்பாங்க. போகாம வீட்டுலயே இருந்தா ஏன் வரலன்னு அதுக்கும் பேச்சு வரும், நமக்கும் சாமியும் சனமும் இல்லாம போயிடும். அதுக்கு பீட்டர் கோல்விட்சர்ங்கிற உளவியல் பேராசிரியர் ஆராய்ஞ்சு சொன்ன ஒரு வழி நல்லா உதவுது: "இப்படி நடந்தா, நான் இப்படி பண்ணுவேன்"னு முன்கூட்டியே ஒரு வரியில எழுதி வச்சுக்கிறது. "தைரியமா இருப்பேன்"ங்கிற மாதிரி பொதுவா எழுதினா வேலைக்கு ஆகாது. எந்த இடம், யாரு, கை கால் என்ன பண்ணும்னு இருக்கணும், அப்போதான் அந்த நேரத்துல யோசிக்காமயே உடம்பு அதை செய்யும்.

துணிக்கடைத் தங்கச்சி போன திருவிழாவுக்குப் போறதுக்கு முன்னாடி எழுதினது மூணு வரி. "அவங்க அம்மாவைப் பார்த்தா, வணக்கம் அத்தைன்னு சொல்லிட்டு, நிக்காம பிரசாத வரிசைக்குப் போவேன்." "யாராவது கல்யாணம் எப்போன்னு கேட்டா, சாமி விட்ட வழின்னு சொல்லிட்டு அவங்க பிள்ளைங்க படிப்பைப் பத்தி கேப்பேன்." "அழுகை வந்தா, சின்னம்மா கையைப் பிடிச்சு ரெண்டு தடவை அழுத்துவேன், அவங்க என்னை செருப்பு விட்ட இடத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க." மூணாவது வரிக்கு சின்னம்மாகிட்ட முன்னாடியே பேசி வச்சுக்கிட்டா. நீங்களும் அடுத்த விசேஷம் எதுன்னு காலண்டரைப் பார்த்து, அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே உக்காந்து உங்க மூணு வரியை எழுதிடுங்க, யார் கையைப் பிடிக்கப் போறீங்களோ அவங்ககிட்டயும் சொல்லி வச்சிடுங்க.